தாழ்குரலும் பேரொலியும்

மிடற்றிசையின் இனிமையைப் புகழ்வதற்குத் தமிழிற் சொற்கள் பல உள. குழலின் குழைவு, வீணையின் நாதம், நாகசுரத்தின் கம்பீரம் என்று ஒவ்வொன்றற்கும் வழக்கில் நிலைத்த மொழி உண்டு. ஆனால், செவியைத் தீண்டுமுன்னர் மார்பைத் தீண்டும் ஒலியொன்று உளது. தவிலின் தொப்பியிலிருந்தும், பறைமேளத்தின் அகன்ற முகத்திலிருந்தும், இக்காலத்தில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தும் எழுவது அது. தாழ்ந்தது, ஆயினும் வலியது. அதனைக் குறித்து எழுதப் புகும் திறனாய்வாளர் பெரும்பாலும் இரண்டு மொழிகளோடு நின்றுவிடுகின்றனர். ‘அரங்கம் அதிர்ந்தது’ என்பது ஒன்று. ‘பேஸ் மிகுதி’ என்பது மற்றொன்று. முன்னையது புகழோ பழியோ என்பது விளங்குவதில்லை. பின்னையது அளவைக் கூறுகின்றதேயன்றித் தன்மையைக் கூறுவதில்லை.

இது தமிழிற் சொல் இன்மையால் நேர்ந்த குறையா? அன்று. சொல்லைத் தேடும் இடம் பிழைத்தமையால் நேர்ந்த குறை. இசையிலக்கணத்தின் பெயர்ச்சொற்களுள் தேடுவார்க்கு அகப்படாத செல்வம், முழவையும் கடலையும் பாடிய புலவர்தம் வினைச்சொற்களுள் நிறைந்து கிடக்கின்றது.

முதற்கண் இசையிலக்கணத்தை நோக்குக. பழந்தமிழ் இசைமரபு ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தது. கீழ்நிலை மெலிவு, மேல்நிலை வலிவு. இப்பெயர்கள் மிடற்றையும் நரம்பையும் துளைக்கருவியையும் நோக்கி எழுந்தன போலும். பாடுவோன் குரல் கீழிறங்குந்தோறும் அதன் உரம் குன்றுகின்றது. தளர்த்திய நரம்பு மெல்லென ஒலிக்கின்றது. ஆதலின் தாழ்வும் மெலிவும் ஒரு பொருளனவாகக் கொள்ளப்பட்டன. வடமொழி வழிவந்த ‘மந்தரம்’ என்னும் சொல்லும் இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பதில்லை. அது தாழ்ந்த இடத்தைச் சுட்டும். தாழ்ந்த இடத்தில் நிற்கும் வலிமையைச் சுட்டாது.

முழவோ இவ்வமைப்பிற்குள் அடங்குவதன்று. அதன் முகம் அகலுந்தோறும் ஒலி தாழ்கின்றது, தாழுந்தோறும் பெருகுகின்றது. நிலையால் மெலிவும் உரத்தால் வலிவும் ஒருங்கே உடைய இம்முரண்பொருளுக்கு மூவகை நிலைப்பெயருள் எதுவும் பொருந்தாது. ‘பேஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் இத்துணை விரைவாகப் பற்றிக்கொண்டமைக்குக் காரணமும் இவ்வெற்றிடமேயாகலாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையும் அதன் உரையும் இவ்விடத்துக் கருதத்தக்கன. அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை ஒரு நீண்ட நிரலாகத் தந்து, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு எனவும், பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு எனவும் பாகுபடுத்துகின்றார். அரிய செய்திகளின் கருவூலம் அவ்வுரை. எனினும் அப்பாகுபாடு கருவியின் தரத்தையும் பயன்படும் இடத்தையும் காலத்தையும் பற்றியது. ஒலியின் இயல்பைப் பற்றியதன்று. மன்றிலே கொட்டுவது எது, மங்கலத்திற்கு உரியது எது, சாவிற்கு உரியது எது என்பவற்றை அதன்வழி அறியலாம். அக்கருவி எவ்வாறு ஒலித்தது என்பதை அறிய வேண்டுவோர் மூலத்திற்கே மீள வேண்டும். அங்கே இளங்கோவடிகள் தண்ணுமைக்குத் ‘தாழ்குரல்’ என்னும் அடைகொடுத்து வழங்குகின்றார். மெலிந்த குரல் என்னாது தாழ்ந்த குரல் என்றமை நுட்பமானது. தாழ்வு வேறு, மெலிவு வேறு என்னும் உணர்வு அவ்வோர் அடையுள் அடங்கியுள்ளது.

இனித் தொல்காப்பியம். உரியியலில் ஆசிரியர் ஒலிபற்றிய சொற்களை இரு தொகுதியாக நிறுத்துகின்றார். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்பன அரவம் என்னும் பொருளன. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்பன இசை என்னும் பொருளன. அரவத்தையும் இசையையும் ஒரு கொத்தாகக் கட்டாது பிரித்து வைத்தமை காண்க. முன்னைய நான்கும் ஊரும் சந்தையும் எழுப்பும் ஆரவாரத்தைச் சாரும்; பின்னைய நான்கும் ஒரு மூலத்திலிருந்து எழுந்து நிலைபெறும் ஓசையைச் சாரும். பேரொலியெல்லாம் இரைச்சலே என்று தள்ளும் இக்காலத் திறனாய்வைவிட இது கூரியதொரு பாகுபாடாகும்.

அந்நான்கனுள்ளும் ‘இரங்கல்’ என்பதனைத் தனியே எடுத்து, கழிந்த பொருளைக் குறித்து வருந்துதற்கும் அச்சொல் உரித்து என்று தொல்காப்பியர் வேறு கூறுகின்றார். ஓசையைச் சுட்டிய சொல்லே துயரையும் சுட்டிற்று. மற்றும், அகத்திணையில் நெய்தற்குரிய உரிப்பொருளும் இரங்கலே. கடலின் ஒலி, முரசின் ஒலி, பிரிந்தாரை எண்ணி ஏங்கும் உள்ளத்தின் ஒலி ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் வந்து கூடுகின்றன. தாழ்ந்த பேரொலி வெறும் உரத்தினால் மட்டும் உள்ளத்தைப் பற்றுவதில்லை. அதன் தாழ்விலேயே ஓர் ஏக்கமும் உண்டு என்பதைப் பண்டையோர் கண்டிருந்தனர் என்பதற்கு இச்சொல்லினும் சிறந்த சான்று வேண்டா.

புறநானூற்றின் 194 ஆம் பாட்டு இதனை மேலும் விளக்கும். பக்குடுக்கை நன்கணியார் பாடிய அப்பாட்டில் இரண்டு வீடுகள் வருகின்றன. ஒன்றிற் சாப்பறையாகிய நெய்தல் ஒலிக்கின்றது. மற்றொன்றில் மணமுழவு ஒலிக்கின்றது. இரண்டும் தோற்கருவிகளே. ஆயின் புலவர் இரண்டிற்கும் ஒரு வினையை ஆளவில்லை. நெய்தற்குக் ‘கறங்க’ என்றார். முழவிற்குத் ‘ததும்ப’ என்றார். கறங்குதல் சுழலுதலுமாம், காற்றிற் சுழலும் ஓலையைக் கறங்கோலை என்பது வழக்கு. விட்டுவிட்டு மீளமீள அதே இடத்திற்கு வரும் சாவொலியை அச்சொல் கண்முன் நிறுத்துகின்றது. ததும்புதலோ நிறைந்து விளிம்பில் நின்று வழிதல். நீர் நிறைந்த குடத்திற்கும், கண்ணீர் நிறைந்த கண்ணிற்கும், மகிழ்ச்சி நிறைந்த இல்லத்திற்கும் பொருந்தும் சொல் அது. கருவி எது என்பதைப் பெயர் கூறிற்று. அவ்வொலி எவ்வாறு அசைந்தது என்பதை வினை கூறிற்று.

இவ்வாறே ஏனைய வினைகளையும் அவற்றின் பிற பொருள்களோடு வைத்து எண்ணுக. ‘முழங்கு’ என்பது வெளியெங்கும் பரந்து நிறையும் ஒலி. முகிலுக்கும் கடலுக்கும் முரசுக்கும் பொது. ‘இமிழ்’ என்பது இடையறாது தொடரும் ஒலி; அடிப்பின் தொடக்கமும் முடிவும் அதிற் புலனாவதில்லை. ‘குமுறு’ என்பது உள்ளே அடைபட்டு வெளிவர வழியின்றிப் புரளும் ஒலி. அதனாலன்றோ நெஞ்சும் குமுறுகின்றது. ‘உரறு’ என்பதிற் சினமும் கரகரப்பும் உள. ‘இரட்டு’ என்பது மாறிமாறி எதிரொலிப்பது. ‘அதிர்’ என்பதோ ஒலியின் தன்மையைக் காட்டிலும் அவ்வொலியை ஏற்ற பொருளின் நிலையை உரைப்பது. நிலம் அதிரும், சுவர் அதிரும், கேட்டோர் உடல் அதிரும். ஆதலின் ‘முழவு அதிர்ந்தது’ என்று மட்டும் எழுதியவர் முழவைப் பற்றி மிகச் சிலவே கூறினவராவர்.

ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இந்நுட்பம் உண்டு. மெல்லிய மணியோசை ‘கிண்கிணி’ என இகரத்தைப் பற்றி நிற்க, தாழ்ந்த ஒலி ‘தொம்’, ‘கும்’, ‘திம்’ என மகர மெய்யில் வாய்மூடி நிற்கின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைந்து பாடிய புறப்பாட்டில், ஆழ்ந்த மடுவிற் சிறுவன் பாயும் ஓசை ‘துடும்’ என்று வருகின்றது. அம்மகரம் ஒலித்து அடங்குவதற்குள் நீரின் ஆழமும் உணரப்படுகின்றது.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். சங்கப் புலவர் இவ்வினைகளை வரையறையோடு ஆண்டனரா? முரசு முழங்கும் என்றவர்களே முரசு இயம்பும் என்றும், இரங்கும் என்றும், அதிரும் என்றும் பாடினர் அல்லரோ? எதுகைக்கும் மோனைக்கும் ஏற்பச் சொல்லை மாற்றினர் என்று கொள்ளுதலே முறை அன்றோ? இத்தடையிற் பெரிதும் உண்மை உண்டு. இவை கலைச்சொற்கள் அல்ல. தொல்காப்பியரும் நான்கு சொற்களை ஒரு பொருளனவாகவே தொகுத்தார். ஆயினும், கலைச்சொல் அன்மையாற் பொருள் வேறுபாடே இல்லை என்பது பொருந்தாது. சாவீட்டிலும் மணவீட்டிலும் நன்கணியார் வினைகளை இடம்மாற்றி வைத்துப் பார்த்தால் பாட்டின் உயிர் குன்றுதல் வெளிப்படை. சொற்களின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம், நடுவிடங்கள் வேறுவேறே. திறனாய்விற்கு வேண்டுவது அந்நடுவிடமே.

இச்சொற்களின் உயிர்ப்பை அறிதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் மிக ஏற்றது. சுவாமிப் பாறையின்மீது, 1963 இல் மீளக் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோயிலுக்கு அண்மையில், இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கேட்போர்க்குக் கடல் ஒரே ஒலியை எழுப்புவதில்லை என்பது தெளிவாகும். சோழகக் காலத்தில் அது இமிழ்கின்றது. வாடை வலுத்து மாரி இறங்கும் நாள்களில், திறந்த கடலின் திரை முழங்குகின்றது. அதே திரை பாறைப்பிளவினுள் நுழைந்து வெளியேற இடமின்றிக் குமுறுகின்றது. உட்துறையிலோ குன்றுகள் அரண்செய்ய நீர் அடங்கிக் கிடக்கின்றது. ஒரே கடல், ஒரே நாள், வினைகள் மூன்று.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருக்கோணமலைப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே இக்கடலைக் ‘குரைகடல்’ என்கின்றார். இராமேசுவரத்தில் இருந்தவாறே அவர் இப்பதிகத்தைப் பாடினார் என்பது மரபு. அங்ஙனமாயின், இச்சொல் நேரிற் கேட்டு அளந்து இட்ட சொல் அன்று; நெய்தற் பாட்டு மரபு அவருக்குக் கையளித்த சொல். ஆயினும் இம்மலையடியில் நிற்பார்க்கு அது பிழையாகத் தோன்றுவதில்லை. மரபுச் சொல் தேய்ந்த சொல்லாகாது, பொருளோடு பொருந்தி மீண்டும் உயிர்பெறுவது இவ்வாறுதான். குரைத்தல் என்பது பிற்கால வழக்கில் நாய்க்கே உரியதாய்ச் சுருங்கிப்போனமை தமிழ்ச் செவிக்கு நேர்ந்த இழப்புகளுள் ஒன்று.

இந்நிலத்திற்கு மற்றொரு பட்டறிவும் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. பின்னர், 2009 இல் முடிவுற்ற போர்க்காலத்திலும் இம்மாவட்டம் வெடியோசையைப் பலகாற் கேட்டது. முரசுக்குரிய முழக்கம் பீரங்கிக்கும் உரியதாயிற்று; பறைக்குரிய அதிர்வு வெடிக்கும் உரியதாயிற்று. கூரை அதிரக் கேட்டு நிலவறைக்கு ஓடிய மக்களிடத்தில் ‘அதிர்ந்தது’ என்பது எளிதிற் புகழ்மொழியாகாது. விழாமேடையின் பேரொலியைப் பாராட்ட அச்சொல்லைக் கைக்கொள்பவர் இதனை மறத்தலாகாது. அச்சத்திற்கும் களிப்பிற்கும் ஒரு சொல்லையே வழங்குமிடத்து, மற்றொரு சொல்லைத் தேடுதல் மொழிப்பற்று மட்டுமன்று; கேட்பார்மாட்டுக் காட்டும் மதிப்பும் ஆகும்.

புலவர் வினைகளால் உணர்த்தியதைக் கலைஞர் கையால் உணர்த்தினர். மிருதங்கத்தின் வலந்தலையிற் கருஞ்சோறு நிலையாக அமைந்திருக்க, இடந்தலையாகிய தொப்பியில் வாசிக்கும்பொழுது ரவைப்பசை அப்பப்படுகின்றது. அப்பசையின் எடை தோலின் அதிர்வைத் தாழ்த்துகின்றது. எடைமிகின் ஒலி மங்கும். குறையின் ஆழம் கெடும். ‘தொம்’ என்னும் சொற்கட்டு அம்முகத்தில் திறந்தெழுவது. அடித்தபின் கையின் அடிப்பகுதியைத் தோலின்மேல் அழுத்தி நகர்த்த, அவ்வொலி மேல்நோக்கி வளைந்து எழுகின்றது. அதனைக் கும்கி என்பர். தொப்பியின் இனிமைக்குப் பெயர்பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) வாசிப்பை நினைவுகூர்ந்த சுவைஞர் பலரும் அதன் உரத்தைப் பேசவில்லை, நாதத்தையே பேசினர். தோலின்மீது சாந்தின் எடையை ஏற்றுவதால் இம்முழவுகள் சுருதி சேர்ந்து ஒலிக்கும் திறத்தைச் சர் சி. வி. இராமன் 1920 இல் ஓர் ஆய்வுரையில் விளக்கினார். பெரும்பாலான முழவுகளுக்கு இல்லாத ஒத்திசை மேற்சுரங்கள் இவற்றுக்கு உண்டு என்பது அவர் கண்ட முடிபு. கைவினைஞர் செவியால் அறிந்திருந்ததை அறிவியல் எண்ணால் நிறுவிற்று.

தவிலின் நெறி வேறு. அதன் தொப்பி கழியால் அடிக்கப்படுவது. வலந்தலை, கூடணிந்த விரல்களால் வாசிக்கப்படுவது. திறந்த வெளியில், நாகசுரத்திற்கு ஈடுகொடுத்து, வீதிமுனைவரை செல்லவேண்டிய கருவியாதலின் அதன் முழக்கம் இயல்பே. ஈழம் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) புகழும், அம்முழக்கத்தினுள்ளும் ஒவ்வொரு சொல்லையும் தெளியவைத்த திறத்தாலேயே தமிழகம்வரை பரவிற்று. கிழக்கிலங்கைக் கூத்துக்களரியில் அண்ணாவியாரின் மத்தளமும், அம்மன் கோயில் முன்றிலிற் பறைமேளமும் தத்தமக்குரிய தாழ்குரலை உடையன. இவை அனைத்தையும் ‘மேளச்சத்தம்’ என்னும் ஒரு பெயரால் அடக்குதல் மரங்களையெல்லாம் ‘பச்சை’ என்று அழைப்பதனை ஒக்கும்.

ஒலிபெருக்கியின் வரவு இச்சிக்கலை மேலும் இறுக்கியது. பள்ளி மாணவர் பயிலும் பௌதிகம் ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகளைக் கூறும். தாழ்வு சுருதியைச் சார்ந்தது. பேரொலி உரப்பைச் சார்ந்தது. செக்கனுக்கு 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் வளியில் ஏறத்தாழ 7 மீற்றர். 5000 அதிர்வுடையதன் அலைநீளம் 7 சதமமீற்றர் அளவே. நெடிய அலை சுவரையும் மூலையையும் வளைந்து கடக்கும். குறிய அலை தடைப்படும். அதனாலேயே விழா நடைபெறும் வீதிக்கு அப்பாலுள்ள வீட்டிற்குப் பாட்டின் சொல் வருவதில்லை. அடிமுழக்கம் மட்டுமே வருகின்றது. மற்றும், தாழ்ந்த ஒலிக்கு மனிதச் செவி கூர்மை குறைந்தது என்பதை ஃபிளெச்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் அளந்து காட்டினர். உயர்ந்த ஒலியோடு ஒப்பக் கேட்கவேண்டுமாயின் தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைக் கருவி எளிதாகத் தரத் தொடங்கியபின், வேண்டுமளவு எது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு கலைஞன் கையினின்று நழுவிப் பொறியியக்குவோன் விரலுக்குச் சென்றது.

சட்டம் இதில் ஓரளவே துணைசெய்யும். இலங்கை உயர் நீதிமன்றம் 2007 இல் வழங்கிய தீர்ப்பொன்று இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திற்று. மக்களின் உறக்கத்தைக் காக்க அது தக்க வழி. ஆயின், சட்டம் நேரத்தையும் அளவையும் பார்க்கும். அழகைப் பார்ப்பது அதன் தொழிலன்று. அது திறனாய்வின் தொழில்.

அத்தொழிற்கு வேண்டிய அளவுகோலையும் அரங்கேற்றுகாதையே தருகின்றது. தண்ணுமை ஆசிரியனின் தகுதியைக் கூறுமிடத்து, இளங்கோவடிகள் கைவேகத்தையோ உரத்தையோ முதன்மைப்படுத்தவில்லை. ஏனைய இசை குறையுமிடத்து நிரப்புதல், மிகுமிடத்து அடக்குதல், தான் எல்லை கடவாமை என்பனவே அவன் தகுதியாகப் பேசப்படுகின்றன. ஆகவே தாழ்ந்த பேரொலியைக் குறித்துக் கேட்கவேண்டிய வினா ‘எவ்வளவு?’ என்பதன்று. அது நிரப்பிற்றா, மறைத்ததா என்பதே. பாட்டின் கீழே நிலமாக விரிந்து அதனைத் தாங்கிய முழக்கமும், பாட்டின்மேற் போர்வையாக விழுந்து அதனை மூடிய முழக்கமும் உரப்பால் ஒத்திருக்கலாம், கலையால் ஒவ்வா.

இவ்வளவுகோலைக் கைக்கொள்வார்க்கு முன்னர்க் கண்ட வினைகள் உடனே பயன்படும். பெருவெளியில் எட்டுத்திசையும் நிறைந்த ஒலியை முழங்கிற்று என்க. மூடிய மண்டபத்தில் ஒன்றோடொன்று புரண்டு சொல் விளங்காது போயின், குமுறிற்று என்க. அடிப்புத் தெரியாது தொடர்ந்து தாங்கியதை இமிழ்ந்தது என்க. பாட்டை நிறைத்து விளிம்பில் நின்றதைத் ததும்பிற்று என்க. உள்ளத்தைக் கனியச்செய்த ஆழத்தை இரங்கிற்று என்க. கூரையும் உடலும் மட்டுமே ஏற்று, செவி ஏதும் பெறாதவிடத்து, அதிர்ந்தது என்று கூறி அமைக. ‘பேஸ்’ என்பது கருவியையோ ஒலிப்பகுதியையோ சுட்டும் பெயராக இருந்துபோகட்டும், அதனால் இழுக்கில்லை. அப்பெயருக்குப் பின்வரும் வினை தமிழாக இருத்தல் வேண்டும். அவ்வினை தேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும்.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் (1892–1947) தம் இறுதியாண்டில் அரங்கேறிய யாழ்நூலின்வழி, வழக்கொழிந்த நரம்புக் கருவியைச் சொல்லாலும் கணக்காலும் மீட்டுத் தந்தார். முழவுக்கு அத்தகைய மீட்பு வேண்டுவதில்லை, அது வழக்கொழியவில்லை. வீதிதோறும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. வழக்கொழிந்து வருவன அதனைக் கேட்டுரைக்கும் சொற்களே. அவற்றை ஏட்டிலிருந்து எடுத்துக் காதருகே வைத்துப் பழகுதல் மாணவர் எவர்க்கும் இயல்வது. அதற்கு நூலகமும் வேண்டும். கோணமலையின் பாறையடியில் ஒரு மாரிக்கால மாலையும் வேண்டும்.